லுஸ்வி அக்கா எண்ணிய பதினேழு திருகாணிகள்

லுஸ்விமிண்டா கட்டிக்பாக் என்று முழுப்பெயரைச் சொன்னால் மணிலாவை ஒட்டிய எங்கள் மரிக்கினாவில் யாருக்கும் தெரியாது. பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிற லுஸ்வி என்றால் நாலு பேருக்குத் தெரியும். 'எண்ணியாச்சு' லுஸ்வி அக்கா என்று சொல்லிப் பாருங்கள், மணிலா முழுக்க ராட்சத ரோபோத் தொடர் பார்க்கிற அத்தனை பைத்தியங்களும் எழுந்து நிற்கும். அந்தப் பைத்தியங்களில் நானும் ஒருவன். பெயர் எர்னிங். பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. 'அலைமறவன்' என்ற ஜப்பான் தொடர்தான் அவருக்கு உயிர். புது முன்னோட்டம் வந்தால் நாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டுக் கூச்சல் போடுவோம். அக்கா மட்டும் அதை நொடி நொடியாக நிறுத்தி எண்ணுவார். கவசத்தில் எத்தனை தட்டு, கையில் எத்தனை விரல், தலைக்கவசத்தில் எத்தனை திருகாணி. பகலெல்லாம் பல் எண்ணுகிற கண் சும்மா இருக்குமா? இணையத்தில் யாராவது 'கசிந்த படம்' என்று எதையாவது போட்டால் ஊரே அக்காவின் இணையப் பக்கத்துக்கு ஓடிவரும். படம் போலி என்றால் எங்கே எண்ணிக்கை தப்பியது என்று எழுதுவார். உண்மை என்றால் ஒரே சொல்தான் இருக்கும்: 'எண்ணியாச்சு.' பதினோரு வருஷத்தில் அந்தச் சொல் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அக்காவிடம் சொத்து என்று ஏதாவது இருந்தால் அது அந்தச் சொல்தான்.

அந்த இணையப் பக்கத்தில் எனக்குள்ள வேலை சண்டை விலக்குவது. இருபத்தாறாம் பாகத்தில் தொடரின் நாயகன் தளபதியின் அக்கா கடலில் மூழ்கிச் செத்தது நியாயமா இல்லையா என்று ஆறு வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். இதில் நான் யாரை விலக்குவது? நானே அழுத கோஷ்டி.

போன செவ்வாய்க்கிழமை ஒரு படம் வந்தது. முகம் தெரியாத ஒரு கணக்கிலிருந்து யாரோ அனுப்பியிருந்தார்கள். மேசைமேல் தளபதியின் தலைக்கவசம், பின்னால் ஏதோ இயந்திரங்கள், உருண்டு கிடக்கும் சுருள்கள். எப்போதும் இரண்டு கொம்பு இருக்கும் கவசத்தில் நடுவே மூன்றாவதாக ஒரு கொம்பு! தளபதியின் செத்துப்போன அக்காவின் கவசத்தில் இருந்தது அந்த ஒற்றை நடுக்கொம்பு.

மதிய உணவு இடைவேளையில் அக்கா எனக்குப் போன் செய்தார்.

"எர்னிங், கவசத்துல பதினேழு ஸ்க்ரூவும் இருக்குடா! இடது காதுக்குப் பின்னாடி ஒண்ணு சாய்வா இருக்குமே, ஒன்பதாம் பாகத்துல ரெண்டே நொடி காட்டுவான்… அதுகூட இருக்கு. போலி பண்றவன் எவன் அதைப் போய் எண்ணப் போறான்?"

"அப்போ அவ திரும்பி வர்றாளாக்கா?"

"வர்றாடா!"

ஒரு மணிக்கு 'எண்ணியாச்சு' போட்டார். மூன்று மணிக்குள் பக்கம் திருவிழா ஆகிவிட்டது. பிரேசில்காரன் அழுகிறான், இந்தோனேசியாக்காரி பாட்டு எழுதுகிறாள். "ஆறு வருஷமா நான் சொன்னேனே, எவனாவது கேட்டீங்களா?" என்று ஒருவன் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மால் மாடியில் எங்கள் வருடாந்திரக் கூட்டம். அதில் மேடையேறிப் புதுச் செய்தி சொல்லும் நேரம் அக்காவுடையது. நானும் தலைகால் புரியாமல் அந்தப் படத்தையே இருபதடி பேனராக அச்சடித்துக் கடை வாசலில் காயப்போட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், சட்டையெல்லாம் ரப்பர் தூள். ஆர்னுல்போ என்று பெயர், எல்லோருக்கும் நோனோய். செருப்புப் பட்டறையில் அடிப்பாகம் வெட்டுகிறவர். எங்கள் கூட்டத்தில் நடக்கும் மாறுவேடப் போட்டியில் வருஷம் தவறாமல் கலந்துகொண்டு வருஷம் தவறாமல் கடைசியாக வருகிற மனிதர். போட்டி அட்டை அச்சடிக்க வந்தவர் பேனரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, என் தொப்பி எப்படி உங்க பேனர்ல வந்துச்சு?"

ஷட்டரை இழுத்து மூடிவிட்டு அவரை ட்ரைசைக்கிளில் ஏற்றி நேரே பல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காத்திருந்தவர்களுக்கு எந்த ஆளுக்கு வலி என்றே புரிந்திருக்காது, இரண்டு பேர் முகமும் அப்படி இருந்தது.

நோனோய் ஒன்றையும் மறைக்கவில்லை. ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் தங்கைக்குக் காட்ட அவர் மனைவி அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார். தங்கை பெருமையில் தோழிகளுக்கு அனுப்ப, அங்கிருந்து ஊர் சுற்றிவிட்டது. பின்னால் இருந்தது பட்டறை இயந்திரம். சுருள்கள் செருப்பு ரப்பர்.

"மூணாவது கொம்பு?" என்றார் அக்கா.

"ஒட்டும்போது நடுவுல கிழிஞ்சிருச்சுக்கா. அதை மறைக்க ஒரு கொம்பு வச்சேன்."

"ஸ்க்ரூ?"

"ரப்பர் செருப்பு வாருக்கு அடியில குமிழ் இருக்குமே, அதுதான். வெள்ளிப் பெயின்ட் அடிச்சேன்."

"அது சரி, காதுக்குப் பின்னாடி சாய்வா வைக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

நோனோய்க்கு ஆச்சரியம். "நீங்கதான்க்கா! ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு நாலு வருஷம் முன்னாடி எழுதினீங்களே. அதை அச்செடுத்துப் பட்டறைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன்."

அக்கா நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைப் பிடிக்கும் தூண்டிலை அவரே செய்து கொடுத்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று எனக்கே தெரியவில்லை.

"அக்கா, ஞாயித்துக்கிழமை தாண்டட்டும். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

நோனோயும், "நான் நடுக்கொம்பை வெட்டிடறேன்கா. சாதாரணமா ரெண்டு கொம்போட வந்துட்டுப் போறேன்" என்றார்.

"கொம்புல கை வச்சுப் பாருங்க, உங்க முன்பல்லைப் பிடுங்கிடுவேன்" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, பதினோரு வருஷமா அடுத்தவன் பொய்யை அம்பலப்படுத்திட்டு, என் தப்பை மட்டும் பாய்க்கு அடியில தள்ளச் சொல்றியா?"

ஞாயிற்றுக்கிழமை மால் மாடியில் கால்வைக்க இடமில்லை. மேடைக்குப் பின்னால் என் இருபதடி அவமானம் தொங்கியது. அக்கா ஒலிபெருக்கியைப் பிடித்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை நான் போட்டது தப்பு. அது ஜப்பான் படம் இல்ல. நம்ம மரிக்கினா செருப்புப் பட்டறை."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அப்போ அவ வரமாட்டாளா?" என்று கேட்டாள். "அக்காவே ஏமாந்துட்டாங்கடா!" என்று எவனோ கத்தினான். நாலைந்து பேர் ஊளையிட்டார்கள்.

அக்கா அசரவில்லை. நோனோயைக் கவசத்தோடு மேடைக்கு அழைத்து, "என்னை ஏமாத்துனது இதுதான். நீங்களே எண்ணிப் பாருங்க" என்று ஒவ்வொரு குமிழாகத் தொட்டுக் காட்டினார். கூட்டம் முதலில் முணுமுணுப்பாக எண்ணியது. எட்டு ஒன்பது வரும்போது சத்தம் ஏறியது. சாய்ந்த திருகாணியைத் தொட்டபோது கூரை அதிர்ந்தது.

"பதினேழு!"

அக்கா கையை எடுத்துவிட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு கண்ணாடிக்காரர் மட்டும் விரலை நீட்டினார்.

"பதினெட்டு! நடுக்கொம்புக்குக் கீழ பாருங்க!"

இருந்தது. கொம்பு விழாமலிருக்க நோனோய் அடித்த நிஜ செருப்பு ஆணி. என் பேனரிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. மூன்று நாள் அதன் கீழேயே நடந்திருக்கிறேன், கண்ணில் படவில்லை.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஆணியை வெகுநேரம் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"பதினேழு வந்ததும் நான் நிறுத்திட்டேன்பா. அதுக்கு மேல எண்ண எனக்கு மனசு வரல. அவ திரும்பி வரணும்னு எனக்கும் ஆசை."

ஊளையிட்டவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். பின்வரிசைப் பெண் மேடைக்கு ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். நோனோய் கவசத்துக்குள்ளேயே அழ, வெள்ளிப் பெயின்ட் கழுத்தில் வழிந்தது. அன்று போட்டியில் அவருக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. பரிசு அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கவசத்தைக் கழற்றாமலே வீட்டுக்குப் போனார்.

நாங்கள் பன்சித் நூடுல்ஸ் தட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அக்கா போனை எடுத்தார். செவ்வாய்க்கிழமைப் பதிவை அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே எழுதினார்: 'செய்தவர் ஆர்னுல்போ, மரிக்கினா. திருகாணி பதினேழு, ஆணி ஒன்று. எண்ணியாச்சு.'