கமாண்டுக்குக் கீழே ஒரு வரி

யாரும் திருத்தம் அனுப்பக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் கையேடுகளில் சின்னச் சின்னத் தவறுகளைத் திருத்தி அனுப்புவேன். வைட்ஃபீல்டில் ஒரு ஐடி கம்பெனி நேர்காணலில் அதைப் பெருமையாகச் சொன்னேன். ஒரு கையேட்டில், டேட்டாவை அழிக்கும் கமாண்டுக்குக் கீழேதான் ‘முதலில் பேக்கப் எடுங்கள்’ என்றிருந்தது. அந்த வரியைக் கமாண்டுக்கு மேலே ஏற்றச் சொல்லி அனுப்பியிருந்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

“ஒரு வரியைத் தூக்கி மேல வெக்கறதெல்லாம் ஒரு வேலையா?” என்று நேர்காணல் எடுத்த மேனேஜர் சிரித்தார். வேலை கிடைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அவரே போன் செய்தார். “நீங்க சொன்ன அதே கமாண்ட் சார். கீழ படிக்கறதுக்குள்ள ரன் பண்ணிட்டேன். கஸ்டமர் டேட்டா மொத்தமும் போச்சு. மீட்க வழி இருக்கா? என் வேலையே போயிடும்.”

அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

“இல்லைங்க” என்றேன்.

இருந்தது. அதுவும் ஒரு வரிதான். இன்றும் கையேடுகளைத் திருத்துகிறேன். அந்த வரியை மட்டும் எங்கும் எழுதவில்லை.