முனி கல்லுக்கு முன்னால் இரண்டு கார்

காஸாவில் சண்டை தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டு வேலியில் நிம்மதியாகத் துணி காயப்போட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், வேலிக்கு அந்தப் பக்கம் பாய், இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். பாய் ராமநாதபுரத்திலிருந்து கடல் தாண்டிப் பிழைக்க வந்து, பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக்கடை போட்டு, கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டை வாங்கியவர். என் வீட்டுக்காரர் போர்ட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இருவரும் தம் வாழ்நாளில் நேரில் பார்த்த பெரிய போர், எங்கள் தாமான் குடியிருப்போர் கூட்டம்தான்.

பாய் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வருவார். புறக்கணிப்பு என்று சொல்லிக் கடையில் பாதி கூல் டிரிங்க்ஸை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் யூதர்கள் பக்கம். ஏன் என்று கேட்டால் வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டுவார். அதற்கு மேல் ஆராய்ச்சி கிடையாது.

"காஸா சனங்கள வீட்ட விட்டுத் தொரத்திட்டான் அண்ணே. அந்த வீட்டுச் சாவிய இன்னும் பத்திரமா வச்சிருக்காங்க, பேரப்புள்ளைங்க வரைக்கும். அவங்கதான் பாதிக்கப்பட்டவங்க" என்பார் பாய்.

"அட போங்க பாய். உலகம் பூரா அடிச்சுத் தொரத்துனானே இவங்கள, குடும்பம் குடும்பமா கொன்னானே, அது கண்ணுக்குத் தெரியலையா? போக எடமில்லாம வந்தவன் லா அவன்" என்பார் இவர்.

இரண்டும் நிஜம். கொடுமையே அதுதான். வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையை ஒரு தாய் மடியில் வைத்திருந்ததை ஃபோனில் பார்த்தேன். பிணையாகப் பிடித்துக்கொண்டு போன மகளின் படத்தை ஒரு தகப்பன் நெஞ்சோடு பிடித்திருந்ததையும் பார்த்தேன். இரண்டு தடவையும் அடுப்படியில் நின்று அழுதேன். யார் முதலில் அடித்தது என்று விசாரித்துவிட்டு அழவில்லை. ஆனால் இந்த இரண்டு ஆம்பிளைகளும் அழ மாட்டார்கள். அடுத்தவன் புண்ணை வாடகைக்கு எடுத்து வந்து, என் புண்தான் பெரிசு என்று வேலியில் ஏலம் போடுவார்கள்.

ஏலம் சூடு பிடித்தால் சொந்தப் புண் வெளியே வரும். "இங்க நாங்க மட்டும் என்ன சொகமாவா இருக்கோம்? பேரப் பாத்தா ஒரு பேச்சு, ஊரக் கேட்டா ஒரு பேச்சு" என்று பாய் ஆரம்பிப்பார். உடனே இவர் தன் தோட்டத்துக் கதையை எடுப்பார். காப்பார் பக்கம் இவர் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயன் வீடுகளை இயந்திரம் வைத்து இடித்தபோது இவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. இப்போது அங்கே பணக்காரர்கள் கால்ஃப் விளையாடுகிறார்கள். எத்தனையோ கல்யாண வீடுகளில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டேன். அந்த இடிக்கிற இடம் வரும்போது அவர் குரல் உடையும். அதில் நடிப்பு இல்லை.

அப்படித் துரத்தப்பட்ட மனிதர் ஏன் துரத்தப்பட்டவர்கள் பக்கம் நிற்கவில்லை என்று ஒரு நாள் கேட்டேன். அடிபட்டவனை எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் திருப்பி அடிக்கிறவனைத்தான் இவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று தெரிந்தது.

எலியும் பூனையுமாக இருந்த இருவரும் இந்த ஆடி மாதம் ஒரே ஒரு விஷயத்தில் ஒன்று சேர்ந்தார்கள். எங்கள் தாமான் வீடுகள் நிற்கும் இடமும் ஒரு காலத்தில் தோட்டம்தான். வீடு கட்டிய கம்பெனி ஏனோ ஒரு அரசமரத்தை மட்டும் விட்டுவைத்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் எதிரே, அதனடியில் ஒரு கல்லும் ஒரு சூலமும். முனி. அந்தத் தோட்டத்துப் பழைய ஆட்கள் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்து வருவார்கள். சேவல் அறுத்து, சுருட்டுப் பற்றவைத்து, அங்கேயே சமைத்து, இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் அது நடக்கக் கூடாது என்று இருவரும் முடிவு செய்து, முதல் நாள் சாயங்காலமே இரண்டு காரையும் மூக்கோடு மூக்கு முட்ட அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

"என்னங்க, வருஷத்துல ஒரு நாள்தானே?" என்றேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. இன்னிக்குக் கோழி அறுப்பான், நாளைக்குக் கொட்டாய் போடுவான், அப்புறம் எடமே எங்களுதும்பான்."

பாயும் தலையாட்டினார். "அண்ணன் சொல்றது கரெக்ட். புள்ளைங்க இருக்கிற எடம். நமக்கும் ஒரு பாதுகாப்பு வேணும்ல?"

பாதுகாப்பு! இதே வார்த்தையைக் குண்டு போடுகிறவன் டிவியில் சொல்லக் கேட்டு, போன வாரம்தான் பாய் வேலியோரம் காறித் துப்பினார். எனக்கு வந்த கோபத்தில் ஈரத்துணியை அப்படியே வாளியில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வந்தது. நரைத்த தலையோடு ஓர் அம்மா, கால் கட்டிய சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். கார்களைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"தம்பி, காரை ஒரு அரை மணி நேரம் நகத்துறீங்களா? மவனுக்கு நாளான்னிக்கு நெஞ்சுல ஆபரேசன். முனிகிட்ட வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்."

"இங்கல்லாம் இனிமே செய்ய முடியாதும்மா. நாங்க வாங்குன எடம். கிராண்ட், பத்திரம் எல்லாம் எங்ககிட்ட இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். சுத்தப் பொய். மரத்தடி நகராண்மைக் கழகத்து நிலம்.

"கிராண்ட் உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. நான் எடத்தக் கேக்கலையே" என்றார் அந்த அம்மா. பிறகு இவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "பேச்சக் கேட்டா தோட்டத்துப் புள்ள மாதிரி இருக்கே. நீங்க எந்தத் தோட்டம்?"

"காப்பார் பக்கம்."

"அங்க முனி இருக்கா?"

"இருந்துச்சு. இப்ப கால்ஃப் கோர்ஸ்."

"உள்ள போய்க் கும்புட விடுறானா?"

"எங்க விடுறான்? கேட்டுலயே நிறுத்திடுவான்."

அந்த அம்மா உச்சுக் கொட்டினார். இவருக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார். குத்தலாகச் சொல்லியிருந்தால் இவரும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பித்திருப்பார்.

"நாங்க குடுத்து வச்சவங்க தம்பி. எங்க எடத்துல நீங்கல்லாம் இருக்கீங்க. கேட்டா நகந்துக்குவீங்க."

பாய் கட்டம் போட்ட துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்த் தன் காரை ஸ்டார்ட் செய்தார். என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் தேடினார், சிலுவார் பையில் தேடினார், சாவி எங்கே என்று என்னைக் கேட்டார். அவர் கையில்தான் இருந்தது.