மஞ்சள் கோரின் வெள்ளை முகம்

1. மோகனூர், ஒரு ஞாயிற்றுக்கிழமை

சுப்பிரமணி மோர்ஸ் கீயை அழுத்தினார். பவர் மீட்டரின் முள் அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். பெட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். பின்னாலேயே கருகிய வாசம். வாசலில் நின்ற அவருடைய அண்ணன் நாச்சிமுத்து, “அவ்வளவுதானா, இன்னும் இருக்குதா?” என்று கேட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் சேலத்தில் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் எலக்ட்ரானிக்ஸ் பயிற்றுநர். லைசன்ஸ் வாங்கிய ஹாம். சொந்தமாக ரேடியோ நிலையம் கட்டி முகம் தெரியாதவர்களோடு பேசுகிற கூட்டத்துக்கு அந்தப் பெயர். சுப்பிரமணியும் அந்தக் கூட்டம்தான். பிழைப்புக்கு பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டினார். வீட்டையொட்டிய அறையில் ஒரு பாதி மோட்டார், மறுபாதி ரேடியோ. அந்த மறுபாதியில் கடலைக்காய் மூட்டை அடுக்க வேண்டும் என்பது அண்ணன் கட்சி. “பேசிக் காட்டு, நான் எடத்தைக் கேக்கலை. இல்லைன்னா மூட்டை வந்துரும்” என்று சொல்லியிருந்தார்.

பேசிக் காட்டும் நாளுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். டிரான்ஸ்மிட்டர் முழுதும் சுப்பிரமணி கட்டியது. அவுட்புட் ஃபில்டருக்கான டொராய்டு கோர்கள் மட்டும் நான் பொறுக்கிக் கொடுத்தவை.

2. நிறம் பார்த்து எடுத்தது

டொராய்டு என்பது உளுந்து வடை வடிவத்தில் இரும்புத்தூளை அழுத்திச் செய்த வளையம். அதன்மேல் எனாமல் கம்பி சுற்றினால் காயில். எல்லா வளையமும் ஒன்றல்ல. எந்த அலைவரிசைக்கு எது என்பதை நிறம் சொல்லும். சிவப்பும் மஞ்சளும் நம் வேலைக்கானவை. அட்டவணை எனக்கு மனப்பாடம். வினை வந்தது அதனால்தான்.

புதுக் கோர் அன்று நம் பக்கம் கிடைக்காது. சேலத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றில், ஏதோ இறக்குமதி மெஷினின் பவர் சப்ளை போர்டு கிடந்தது. அதில் மஞ்சள் கோர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை. யாரோ அடையாளத்துக்குப் பெயின்ட் தொட்டிருக்கிறார்கள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். மாணவன் அப்படிச் சொல்லியிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

கம்பியைச் சுப்பிரமணி தன் கடையிலிருந்தே எடுத்தார். இருபத்திரண்டு கேஜ், கீறல் இல்லாத எனாமல். அடியில் பருத்தி நாடா சுற்றி, அதன்மேல் கம்பியைச் சீராகப் பரப்பி, இரண்டு முனைகளுக்கும் இடையே இடைவெளி விட்டிருந்தார். மோட்டார் கட்டுகிறவரின் கை. நான் பார்த்து, “பிரமாதம்” என்றேன். அளந்து பார்க்கச் சொல்லவில்லை.

3. விசாரணை

பெட்டியைத் திறந்தோம். பவர் டிரான்சிஸ்டர் போயிருந்தது. காயிலின் கம்பியையும் நாடாவையும் பிரித்ததும் அந்த வெள்ளை முகம் என்னைப் பார்த்தது. மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் அது வேறு சரக்கு, பவர் சப்ளைக்கானது. மஞ்சளுக்குக் கணக்குப் போட்ட சுற்றை அதில் சுற்றினால் இண்டக்டன்ஸ் எட்டு ஒன்பது மடங்கு ஏறிவிடும். சிக்னல் ஃபில்டரைத் தாண்டாது, திரும்பி வந்து டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும்.

நாச்சிமுத்து தம்பியிடம், “கம்பி சுத்தறதுதானே உன்ற தொழிலு? அதுலயே கோட்டை உட்டா அப்பறம் எவன் மோட்டாரைக் கொண்டாருவான்?” என்றார். மோட்டார் எடுக்க வந்திருந்த இரண்டு பேர் வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இல்லைங்க, தப்பு என்னுது” என்றேன். “கம்பி சரியாத்தான் சுத்தியிருக்காரு. கோர் தப்பு. நான் குடுத்தது. இந்த வெள்ளையைப் பாருங்க.”

அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “வெள்ளையா இருந்தா என்னுங்க சார்?”

விளக்கினேன். வகுப்பில் போல ஆதியிலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், வெளியே நின்றவர்கள் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா? மனுசன்னா இப்பிடி இருக்கோணும். தம்பிய உட்டுக்குடுக்காம பழிய தன்ற தலைல போட்டுக்கறாரு. படிச்சவிய படிச்சவியதான்.”

“நெசமாலுமே என் தப்புங்க.”

“செரிங்க செரிங்க. சாப்பிட வாங்க.”

கோழிக் குழம்பு. எனக்கு மட்டும் ஈரல் தனியாக வந்தது. எதிரே சுப்பிரமணி இலையைப் பார்த்தபடி சாப்பிட்டார். நான் மூன்றாம் முறை என் தப்பைச் சொல்ல ஆரம்பித்தபோது நாச்சிமுத்து உள்பக்கம் குரல் கொடுத்தார்: “சாருக்கு இன்னொரு கரண்டி ஊத்து, சாமி.”

4. பஸ் நிறுத்தம்

எனக்கென்று ஒரு பூவன் தாரைச் சுப்பிரமணி சுமந்து வந்தார். “நாளைக்கே கடிதம் எழுதறேன் உங்க அண்ணனுக்கு, விவரமா” என்றேன்.

“வேண்டாமுங்க சார். நீங்க சொல்லச் சொல்ல நீங்க பெரிய மனுசனாயிட்டே போறீங்க. நான் சின்னவனாப் போயிட்டே இருக்கறேன். உட்டுருங்க.”

அவரே தாரை பஸ்ஸில் ஏற்றி, சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு இறங்கினார்.

பிறகு சிவப்புக் கோர்களும் புது டிரான்சிஸ்டரும் தேடிப் பிடித்து அனுப்பினேன். பார்சல் பிரிக்கப்படாமல் ஒரு சீட்டோடு திரும்பி வந்தது: “மூட்டை வந்துவிட்டது சார்.”

கோர் வாங்குகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. நிறத்தை நம்பாதீர்கள். முதலில் பத்துச் சுற்று சுற்றி இண்டக்டன்ஸ் காட்டும் பிரிட்ஜ் மீட்டரில் அளந்து, கணக்கோடு ஒத்துப்போனால் மட்டும் மீதியைச் சுற்றுங்கள். ஐந்து நிமிஷ வேலை. இன்னொருவருக்குக் கொடுக்கிற கோர் என்றால் இரண்டு தடவை அளங்கள். அங்கே தப்பு நடந்தால் அதை நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாமல் போகலாம்.

ஓய்வு பெறும்வரை ஞாயிறு காலைகளில் ஹாம்களின் நாற்பது மீட்டர் அலைவரிசையில் காது வைத்திருந்தேன். சுப்பிரமணியின் நிலையக் குறியான கால்சைன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.