ஜெபக் குறிப்பில் என் பரீட்சை

என் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நான் ராஜபாளையத்தில் இருக்கிறேன். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். அதற்குப் பிறகு யாரும் திரும்பி வரச் சொல்லவில்லை, நானும் அவர்களுக்கு ஞாபகப்படுத்தவில்லை. அப்படியே சில வருஷங்கள் ஓடின. திடீரென்று ஒரு நாள் மேலாளர் வீடியோவில் எல்லோரையும் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்றார். ஒரே ஒரு விலக்கு உண்டாம். புதிதாக ஒரு புராஜெக்ட் வருகிறது, அதில் இருப்பவர்கள் எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யலாம், ஆனால் அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். மாதக் கடைசிக்குள் பரீட்சை எழுதித் தேறினால் நான் ராஜபாளையத்திலேயே இருக்கலாம். தேறாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பெட்டி கட்டி எனக்கு நல்ல பழக்கம் உண்டு. கல்யாணமான புதிதில் கணவர் இங்கே நூற்பாலையில் மெயின்டனன்ஸ் வேலையில் இருந்தார், நான் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தேன். சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கி, அழுக்குத் துணியைத் துவைத்து, ஞாயிறு ஆராதனைக்குப் போய்வந்து, சாயங்காலம் மறுபடி ரயில் ஏறுவேன். அந்த நாட்களில் நாங்கள் பேசிக்கொண்டதில் பாதி, தண்ணீர் பாட்டில் எடுத்தாயா, சார்ஜர் எடுத்தாயா என்பதுதான். அந்த வாழ்க்கை எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் அதை வாழ எனக்குத் தெம்பு இல்லை. அதனால் படிக்க உட்கார்ந்தேன்.

பாடம் இதுதான். முன்பெல்லாம் ஒரு சர்வர் வேண்டுமென்றால் யாராவது ஒருவர் திரையில் ஒவ்வொரு பட்டனாக அழுத்தி உருவாக்குவார். எதை எதை அழுத்தினார் என்பது மறுநாள் அவருக்கே மறந்திருக்கும். இப்போது என்னென்ன வேண்டும் என்று ஒரு ஃபைலில் புரோகிராமாக எழுதி வைத்தால் போதும். ஒரு மென்பொருள் அதைப் படித்து, கிளவுடில் வாடகைக்கு எடுத்த இடத்தில் எல்லாவற்றையும் தானே கட்டிவிடும். கட்டுவதற்கு முன், இன்னின்னதைச் செய்யப் போகிறேன் என்று திட்டத்தைக் காட்டும். ‘யெஸ்’ என்று அடித்தால் கட்டும். இடிக்கச் சொன்னால் இடிக்கும். குறுக்கே ஒரு வார்த்தை பேசாது. எங்கள் குடும்பத்தில் அப்படிப்பட்டவர் யாரும் கிடையாது.

தான் கட்டியது என்னவென்று அது தனியாக ஒரு கணக்கும் வைத்திருக்கும். அதற்குத் தெரியாமல் யாராவது கையால் எதையாவது மாற்றிவிட்டால் கணக்கு ஒன்றாகவும் நடப்பு வேறாகவும் ஆகிவிடும். இதற்கு ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக விளக்கம் இருந்தது. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான் கத்தரிக்காயைப் புளிக்குழம்புக்கென்று நறுக்கி வைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போவேன். வந்து பார்த்தால் அது பொரியலாகியிருக்கும். அத்தை, அதாவது என் மாமியார், அதைப் பற்றி முன்னும் சொல்ல மாட்டார், பின்னும் சொல்ல மாட்டார்.

அத்தை பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவர். வேலையை விட்ட பிறகு சபையின் பெண்கள் சங்கத்தைப் பார்த்துக்கொள்கிறார். எனக்கும் அவருக்கும் சண்டை கிடையாது. பெரிய பேச்சும் கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு ஷிப்ட் போல வேலை பார்த்தோம்.

சாயங்காலம் மொட்டை மாடியில் கணவர் மாதிரிக் கேள்விகளை ஃபோனைப் பார்த்து வாசிப்பார். நான் பதில் சொல்வேன். எதிரே அய்யனார் கோவில் மலைப்பக்கம் மேகம் இறங்கியிருக்கும். அதைப் பார்க்க எனக்கு நேரமில்லை. கொஞ்ச நாளில் அவரும் பதில் சொல்ல ஆரம்பித்தார். அதில் பெரும்பாலானவை சரியாகவும் இருந்தன. எப்படி என்று கேட்டேன். "இருக்கதுலயே எது நீளமா இருக்கோ அதான் சரி. நீ தேவையில்லாம யோசிக்க" என்றார். அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு தடவை அத்தை காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னம்மா பரீட்ச?" என்றார்.

"ஆபீஸ்ல வச்சிருக்காங்க அத்தை."

"பாஸானா?"

"பாஸானா வேற புராஜெக்ட்ல போடுவாங்க."

அவர் ஒரு நிமிஷம் நின்றார். "ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் ஜெபக் குறிப்புகளை வாசித்தார். ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்கு மகள் கல்யாணம், கூமாப்பட்டியில் ஒரு குடும்பத்தின் கிணற்றில் தண்ணீர் வர வேண்டும். அதற்கு அடுத்தபடியாக என் பரீட்சை வந்தது. யார் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. அத்தை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"சர்க்கார் உத்தியோகமாம்மா?"

"இல்லங்கய்யா, ஏற்கெனவே பாக்கிற வேலைதான்."

"வேலைதான் கெடச்சிருச்சுல்ல, பொறவு எதுக்குப் பரீட்ச?"

எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் அதற்கான விதிகளைப் படித்தால் சிறைக்குப் போவதே மேல் என்று தோன்றும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. மேசையில் கணினியைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. ஏதோ ஒரு ஊரில் இருக்கும் கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். எழுந்திருக்கக் கூடாது, வாயசைக்கக் கூடாது, மனிதக் குரல் எதுவும் கேட்கக் கூடாது. சுவரில் எழுத்து இருக்கக் கூடாது என்பதால் வசனம் போட்ட காலண்டரையும் கழற்றினேன். அத்தை வாசலில் நின்று பார்த்தார்.

மின்வாரியத்தின் பராமரிப்பு நாள் எதுவென்று விசாரித்து, அது இல்லாத நாளாகத் தேர்ந்தெடுத்தேன். வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். மிக்ஸி கூடாது, டிவி கூடாது, ஃபோன் கூடாது, கீரைக்காரரைக் கூப்பிடக் கூடாது. "ஒரு சத்தமும் வராது, நீ எழுது" என்றார் அத்தை. கணவர் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் கதவைச் சாத்தினேன். என்னால் யோசிக்க முடிந்த எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். எங்கள் வீட்டில் ஜெபம் சத்தம் என்ற கணக்கில் வராது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

பாதிப் பரீட்சை வரை எல்லாம் நன்றாகப் போயிற்று. எனக்கே என் மேல் மரியாதை வந்துகொண்டிருந்தது. அப்போது ஹாலில் முனகல் கேட்டது. முதலில் ஒரு குரல், அப்புறம் இரண்டு, அப்புறம் எத்தனை என்று பிரிக்க முடியவில்லை. பெண்கள் சங்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர்கள் மெதுவாகத்தான் ஆரம்பிப்பார்கள். போகப் போக உருக்கம் கூடும், உருக்கம் கூடினால் குரலும் கூடும். எங்கள் சபையில் அதுதான் முறை.

திரையில் ஒரு செய்தி வந்தது. யாரோ பேசுகிறார்கள், அறையில் ஆள் இருக்கிறதா? இல்லை, அடுத்த அறை என்று தட்டச்சு செய்தேன். நிறுத்தச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. எப்படி நிறுத்துவது? எழுந்து போனால் பரீட்சை முடிந்தது. இருந்த இடத்திலிருந்து கத்தினாலும் முடிந்தது. நான் அசையாமல் கேமராவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஹாலில் எல்லோருமாகச் சேர்ந்து "ஆமென்" என்றார்கள். திரை மூடிக்கொண்டது.

கதவைத் திறந்தேன். ஹால் முழுக்க முக்காடு போட்ட தலைகளாக இருந்தன. அத்தை நடுவில் முழங்காலில் நின்றார். சபைக்கு வராவிட்டாலும் எங்கள் வீட்டு ஜெபத்துக்குத் தவறாமல் வரும் எதிர்வீட்டு அக்காவும் இருந்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், சாமி வேறு. யார் எங்கே கூப்பிட்டாலும் போய்விடுவார்.

நான் கத்தினேன். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் முதல் தடவையாகக் கத்தினேன். "என்ன காரியம் பண்ணிட்டீங்க அத்தை! எம்புட்டுச் சொன்னேன்! ஒரு சத்தமும் வராதுன்னு சொன்னீங்கள்ல! பரீட்சை போச்சு!"

பெண்கள் பைபிளை எடுத்துக்கொண்டு மெல்ல வாசலுக்கு நகர்ந்தார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் நகரவில்லை.

"போச்சா? உடனேவா?" என்றார், உண்மையான ஆச்சரியத்தோடு. பிறகு அத்தையைப் பார்த்து, "பாத்தியளாக்கா, கேட்ட வாய் மூடல, கெடச்சிருச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன கெடச்சிருச்சு?"

"நீ பாஸாவக் கூடாதுன்னுதான ஜெபம் பண்ணோம். அவிய சொல்லலையா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் முழங்காலில் இருந்து எழுந்திருக்கவில்லை. ஹாலில் கிடந்த கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"பெரியவன் பேங்க் பரீட்ச எழுதுனான். பாஸாவணும்னு உபவாசம் இருந்தேன். நாக்பூருக்குப் போயிட்டான். மக நர்ஸு பரீட்ச எழுதுனா. அதுக்கும் இருந்தேன். அயர்லாந்துல இருக்கா. பேரப்பிள்ளய ஃபோன்லதான் பாக்கேன். பாஸானவுகள்லாம் போயிட்டாவ. நீயும் பாஸானா வேற எங்கயோ போடுவாகன்னு சொன்ன. உம் பொறத்தால அவனும் வருவான். பொறவு நான் யாருகூட இருக்க?"

வேறு புராஜெக்ட் என்று நான் சொன்னது அவருக்கு வேறு ஊராகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் பரீட்சையில் தேறிய எவரும் தெருவில் இல்லை. என் கோபம் போகவில்லை, ஆனால் அழுகையும் வந்துவிட்டது. இந்த அம்மாள் என்னை இழந்துவிடுவோம் என்று பயப்படக்கூடியவர் என்பது எனக்குத் தெரியாது. கத்தரிக்காயைத் தாண்டி எங்களுக்குள் ஒன்றும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அத்தை, பாஸானா இங்கயேதான் இருப்பேன். ஃபெயிலானாத்தான் மெட்ராஸ் போகணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பாஸானா ஊர்லயே இருக்கலாமா?"

"ஆமா."

"இது என்னம்மா பரீட்ச?" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லதுக்கு என்ன?" என்று கோபப்பட்டார். எழுந்து வாசலுக்குப் போனார். பெண்கள் தெருமுனை வரை போயிருந்தார்கள். "ஏட்டி, திரும்பி வாங்கட்டி எல்லாரும்! மாத்திப் பண்ணணும்!"

எல்லோரும் திரும்பி வந்தார்கள். முதலில் பண்ணிய ஜெபம் தானாக ரத்தாகிவிடுமா, அல்லது அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு ரத்து செய்ய வேண்டுமா என்று ஒரு விவாதம் நடந்தது. தனியாகக் கேட்பதுதான் மரியாதை என்று முடிவாயிற்று. நான் காபி போட்டேன்.

பரீட்சைக்காரர்களுக்கு நடந்ததை எழுதினேன். சில நாள் கழித்து, மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. மாதக் கடைசிக்கு முந்திய வாரத்தில் ஒரு நாள்தான் கிடைத்தது. தவறினால் இன்னொரு வாய்ப்பு இல்லை. வீடு வேண்டாம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கணவரின் நண்பர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். தன் அலுவலக அறையைத் தருவதாகச் சொன்னார். ஜெனரேட்டரும் இருந்தது.

கிளம்பும்போது அத்தையும் சேலை மாற்றி நின்றார். "நான் வாரேன். செத்த நேரம் வெளிய உக்காந்திருப்பேன். வாயத் தொறக்க மாட்டேன்." வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பரீட்சை அப்போதே ஆரம்பித்துவிட்டதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

சென்டரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அறைக் கதவுக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்தார். அவரைத் தாண்டாமல் யாரும் கதவைத் தொட முடியாது. உள்ளே இருந்த எனக்கு வெளியே நடந்தது தெரியாது. கணவரின் நண்பர் பிறகு சொன்னார். டைப்பிங் வகுப்புக்கு வந்தவர்களை அத்தை சைகையாலேயே வெளியே உட்கார வைத்துவிட்டாராம். தன் மேசையில் சாவி எடுக்க வந்த நண்பரையும் விடவில்லையாம். "என் ரூம்தாம்மா" என்று அவர் சொன்னதற்கு, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாராம். பரீட்சை முடியும்வரை நண்பர் டீக்கடையில் நின்றிருக்கிறார்.

கேள்விகள் போன தடவையைவிடக் கடினமாக இருந்தன. ஓரிரண்டில் வேறு வழி தெரியாமல் நீளமான பதிலையே போட்டேன். கடைசி பட்டனை அழுத்தியதும் முடிவு உடனே திரையில் வந்தது. அதை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு கதவைத் திறந்தேன்.

அத்தை நாற்காலியில் திரும்பி, என் முகத்தைப் பார்த்தார். பாஸா, ஃபெயிலா என்று கேட்கவில்லை.

"போறியா, இருக்கியா?" என்றார்.

"இருக்கேன் அத்தை."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் தள்ளாடினார். நான் பதறிப்போய்த் தாங்கினேன்.

"ஒண்ணுமில்ல. வா, மொதல்ல எங்கயாவது சாப்பிடுவோம்" என்றார். "நேத்திலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல."