மஞ்சள் புள்ளி தலைப் பக்கம்

1. பழைய ஹெட்டைக் கழற்றினோம்.
2. புதுப்பேட்டை பழைய பாகக் கடையில் வாங்கிய இன்னொரு ஹெட்டின் காற்றுவழிகளைக் குடைந்து அகலமாக்கி, வால்வுகளைத் தேய்த்து, விறைப்பான ஸ்பிரிங்குகள் போட்டு ஏற்றினோம்.
3. ஊருக்குள் வண்டி நன்றாக ஓடியது. பைபாஸில் இன்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றைத் தாண்டியதும் உதறியது.
4. பிளக் மாற்றினோம். இக்னிஷன் காயில் மாற்றினோம். பெட்ரோல் பம்ப் மாற்றினோம். அப்போதும் உதறியது.
5. அந்த உதறலோடேயே வண்டியைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.
6. திரும்பி வந்து மறுபடியும் ஹெட்டைக் கழற்றினோம்.

எழுதிப் பார்த்தால் இவ்வளவுதான். ஒரு கோடைக்காலம் முழுவதும் இதற்குள் போய்விட்டது.

நான் ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மெக்கானிக்கல் படித்தவள். முடிந்து வரும் இன்ஜின்களை வரிசையின் கடைசியில் நின்று சரிபார்த்து, கையிலுள்ள திரையில் டிக் போடுவது என் வேலை. இன்ஜினை நான் தொடுவதில்லை. அது என்னைக் கடந்து போகும், அடுத்தது வரும். கம்பெனி பஸ்ஸில் தூங்கியபடி போய், தூங்கியபடி திரும்புகிறேன். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே இருக்கும்வரை ஒரு இன்ஜினையும் நான் கட்டப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்துபோயிருந்தது.

சென்னையில் பந்தயக் கார்கள் தயாரிக்கும் ஒரு சின்ன அணி, இன்ஜின் கட்ட ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தது. பேசினேன். அதன் பொறுப்பாளர் சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. "நீ பண்ண ஹெட்டோட ஒரு வண்டிய எடுத்துட்டு வாம்மா. ஏழாயிரம் வரைக்கும் சுத்தமா போச்சுன்னா மத்தத பேசலாம்" என்றார்.

அந்த ஏழாயிரத்துக்காகத்தான் இத்தனையும்.

வண்டி என்னுடையது. பழைய ஹாட்ச்பேக், பதினாறு வால்வு. இடம் அக்கா வீட்டுப் பின்பக்க ஷெட். பட்டு நெய்யும் பிள்ளையார்பாளையத்தில் அக்கா வீடு; நானும் அங்கேதான் தங்கியிருக்கிறேன். முன்னறையில் அவள் தறி, பின்னால் மாமாவின் மெக்கானிக் ஷெட். மாமா என்றால் அக்காவின் கணவர். பட்டுக்கார வீட்டில் பிறந்து, தறியில் உட்காரமாட்டேன் என்று சின்ன வயதிலேயே ஸ்பேனர் பிடித்தவர். சந்தில் வண்டியை உள்ளே விடுவதற்கு இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்க வேண்டும். ஷெட்டில் எதைப் பேசினாலும் முன்னறையில் விழும் தறிப் பலகையின் சத்தம் குறுக்கே வரும். அதனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் உரக்கத்தான் பேச்சு வரும்.

ஹெட் என்பது இன்ஜினின் மேல்பகுதி. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழிகள், புகை வெளியே வரும் வழிகள், அவற்றைத் திறந்து மூடும் வால்வுகள் எல்லாம் அந்த ஒரே அலுமினியக் கட்டியில். அதைக் கழற்றிப் பலகைமேல் வைத்த அன்று மாமா அதற்கு ஒரு பெயர் வைத்தார்.

"தலைய எட்துட்டோம். இனிமே உடம்பு மட்டும் ஷெட்ல நின்னுக்கினு இருக்கும், பயந்துக்காத" என்று அக்காவிடம் கத்தினார்.

"அப்பிடியாவது ஒண்ணு வாய மூடிக்கினு இருக்கட்டும் இந்த வீட்ல" என்று முன்னறையிலிருந்து பதில் வந்தது.

அன்றிலிருந்து எங்கள் மூவருக்குள் ஹெட் தலையானது. "தலைக்கு எண்ணெய் வெச்சியா?" "தலை வாரியாச்சா?" மாமாவுக்கு இது அலுக்கவே இல்லை. பிறகு எனக்கும் அதுவே வந்துவிட்டது.

குடைகிற வேலையை நான்தான் செய்தேன். காற்று வளைந்து போகும் இடத்தில் தேய்க்கும் கல் அதிகம் கடித்துவிட்டால் கட்டி வீண். கொஞ்சம் தேய்ப்பது, விரலை உள்ளே விட்டுத் தடவுவது, பக்கத்து வழியோடு ஒப்பிடுவது, மறுபடி தேய்ப்பது. மூக்குக்குள் அலுமினியத் தூள். வேலைக்குப் போனால் கையுறைக்குள் விரல்கள் நடுங்கும். வால்வுகளை ஒவ்வொன்றாக அதனதன் இருக்கையில் பசை தடவித் தேய்த்து உட்கார வைத்தேன். மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், எதிலும் கசியவில்லை.

மிச்சமிருந்தது ஸ்பிரிங். வால்வைத் திறப்பது கேம் என்ற சுழலும் தண்டு. இழுத்து மூடுவது ஸ்பிரிங். வேகம் கூடக் கூட மூடுவதற்குக் கிடைக்கும் நேரம் குறையும், அதனால்தான் விறைப்பானது தேவைப்பட்டது. நான் வாங்கிய ஸ்பிரிங்கில் ஒரு முனை நெருக்கமாகச் சுற்றியிருக்கும், மறுமுனை இடைவெளி விட்டிருக்கும். நெருக்கமான முனைதான் கனம். அது கீழே, ஹெட்டின்மேல் அசையாமல் உட்கார வேண்டும். அடையாளத்துக்கு அந்த முனையில் மஞ்சள் புள்ளி வைத்திருந்தார்கள்.

சென்னைக்குப் போகவேண்டிய நாள் நெருங்கியிருந்தது. எனக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுக்கவில்லை. "ஸ்பிரிங்க நான் போட்டுக்கினு இருக்கறேன். நீ வந்து கேம் டைமிங் பாரு" என்றார் மாமா. அவர் கை சுத்தமான கை. எனக்குத் தயக்கம் இல்லை. தொழிற்சாலைக்குள் போன் கூடாது. கேட்டில் போனைக் கொடுப்பதற்கு முன்பு குரலில் ஒரு செய்தி அனுப்பினேன்.

"மாமா, மஞ்சப் புள்ளி தலைப் பக்கம். மறந்துடாதீங்க."

மாலை வீட்டுக்கு வந்தபோது ஸ்பிரிங்குகளை மாட்டி, அவற்றின்மேல் கேமையும் படுக்கவைத்திருந்தார்; ஸ்பிரிங்குகள் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் டைமிங் பார்த்தேன், போல்ட்டுகளை அளவுக்கு முறுக்கினேன். மேல்மூடியைப் போடுவதற்குமுன் வாய்விட்டும் கேட்டேன்.

"மாமா, மஞ்சள் எந்தப் பக்கம்?"

"நீ சொன்ன பக்கந்தான். தலைப்பு பக்கம்."

முன்னறையில் பலகை விழுந்தது. எனக்குத் தலைப் பக்கம் என்றுதான் கேட்டது.

முதல் வாரம் நன்றாகப் போனது. ஊருக்குள் நான்காயிரம் சுற்றைத் தொடவே இடம் கிடையாது. கோயில் தெருக்களில் வேன்களும் ஆட்டோக்களும் விடாது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை முசரவாக்கம் பக்கம் பைபாஸில் மிதித்துப் பார்த்தேன். ஐயாயிரம் வரை அவ்வளவு அழகு. ஆறாயிரத்தைத் தாண்டியதும் காரை யாரோ பின்னாலிருந்து பிடித்து உலுக்கியதுபோல் இருந்தது. காலை எடுத்தால் சரியாகிவிடும்.

பிளக் என்றேன் நான். பெட்ரோல் என்றார் மாமா. அடுத்த வாரவிடுப்பில் பிளக். அதற்கடுத்ததில் காயில். பிறகு பம்ப். ஒவ்வொன்றையும் மாற்றி, மறுபடி பைபாஸுக்குப் போய், மறுபடி உதறி, திரும்பினேன். ஒரு தடவை பம்ப் மாற்றிவிட்டுத் திரும்பும்போது காந்தி ரோட்டில் சேலைக்கடைக்கு ஆள் பிடிக்கும் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

"மேடம், சொசைட்டி ரேட்ல பட்டு பாக்கறீங்களா?"

"இல்லண்ணா. எங்க வூட்லயே தறி இருக்குது."

அவர் என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தார், வண்டியின் சத்தத்தைக் கேட்டார். "அப்ப வண்டியாச்சும் குட்த்துடறீங்களா? வாங்கறதுக்கு ஆள் இருக்குது எங்கிட்ட."

அக்காவிடம் சொன்னபோது சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குளிக்கக்கூட எழாமல் அப்படியே தரையில் படுத்துக்கொண்டேன். அந்த நாட்களில் பெரும்பாலும் அப்படித்தான்.

சென்னைக்காரர்கள் சொன்ன நாளைத் தள்ளிவைக்கக் கேட்டேன். ஒரு முறை தள்ளினார்கள். இரண்டாம் முறை கேட்க வாய் வரவில்லை. அவர்களுடைய பட்டறைக்குப் பின்னால் ஒரு நீளமான தனிச்சாலை. பொறுப்பாளர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். ஐயாயிரம் வரை தலையாட்டிக்கொண்டே வந்தார். "போ, போ, விடாத" என்றார். ஆறாயிரத்தில் உதறியது. "இன்னும்" என்றார். மிதித்தேன். உள்ளே உலோகத்தில் உலோகம் தட்டும் சத்தம் வந்தது. காலை எடுத்த பிறகும் இன்ஜின் நொண்டியது.

இறங்கி மூடியைத் திறக்காமலேயே கேட்டார்: "மொத்தமும் நீயே அசெம்பிள் பண்ணதா?"

"ஸ்பிரிங் மட்டும் எங்க மாமா போட்டாரு."

"அங்கேர்ந்து ஆரம்பி. என்னன்னு கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லு" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்கு அடுத்த வேலை இருந்தது.

மாமா சென்னைக்கு வந்தார், இருவருமாக வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து கம்ப்ரஷன் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டரில் பாதிதான் இருந்தது. பொறுப்பாளர் சொன்னதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. மேல்மூடியைத் திறந்து, கேமைத் தூக்கினேன்.

பதினாறு மஞ்சள் புள்ளிகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கனமான முனை மேலே இருந்தால் அது வால்வோடு சேர்ந்து ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. வேகத்தில் ஸ்பிரிங் பின்தங்கும்; வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடும். ஹெட்டைத் தூக்கியபோது மூன்றாவது பிஸ்டன்மேல் பிறை மாதிரி இரண்டு கீறல்கள். மேலே இரண்டு வால்வுகள் வளைந்திருந்தன.

"மாமா, மஞ்சள் மேல இருக்குது."

"ஆமா. மேலதான் வெச்சேன்."

"தலைப் பக்கம்னு சொன்னேனே."

"அதான் நானும் சொல்றேன். தலைப்பு பக்கம். தலைப்ப எவனாச்சும் உள்ள வெச்சு மடிப்பானா?"

எனக்குப் புரியச் சற்று நேரமானது. தலைப்பு என்றால் சேலையின் முந்தானைப் பகுதி. ஜரிகை அதிகம் விழும் இடம். சேலையைக் கடைக்கு மடித்துக் கொடுக்கும்போது அதுதான் மேலே தெரிய வேண்டும். இந்தத் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். தறிச் சத்தத்துக்கு நடுவே போனைக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறார். மஞ்சள்தான் தலைப்பு, அதனால் மேலே. அவ்வளவு ஒழுங்காக, ஒன்று விடாமல், பதினாறையும்.

"நல்லா கூட இர்ந்துச்சு" என்றார் மெதுவாக. "பொடவைல புட்டா போட்ட மாதிரி."

செய்தியைத் திரும்பப் போட்டுக் கேட்டோம். "தலைப் பக்கம்" என்றேன் நான். "தலைப்பு பக்கம்னுதான் கேக்குது, இந்தா, இன்னொரு வாட்டி போடு" என்றார் அவர். குரல் கூடிக்கொண்டே போனது. ஹெட்டுக்குத் தலை என்று பெயர் வைத்தது யார் என்பதில் போய் நின்றது. அக்கா தறியை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எனக்கும் ஒரு வாட்டி போடு."

போட்டேன். கேட்டாள்.

"எனக்கும் தலைப்புன்னுதான் கேக்குது" என்றாள்.

"பாத்தியா" என்றார் மாமா.

"இன்னா பாத்தியா? வண்டில ஏதுய்யா தலைப்பு? ஒரு வாட்டி கேட்டிருந்தா கொறஞ்சா போயிருப்ப?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும்தான். இத்தினி படிச்சுட்டு மேல கீழன்னு ரெண்டு வார்த்தை வரலியா உனக்கு?"

மாமா பலகைமேல் கிடந்த வளைந்த வால்வை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். அது நேராக உருளாமல் நொண்டியது. "இதால உன் வேல போயிடுமா?" என்று கேட்டார். அவர் அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

"தெரியல மாமா."

"நான் வேணா வந்து சொல்றேன் அவராண்ட."

"என்னன்னு சொல்லுவீங்க? தலைப்புன்னு கேட்டுதுன்னா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாமாவுக்கும் வந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே சென்னைக்கு எழுதினேன். ஸ்பிரிங்குகள் தலைகீழாக இருந்தன, இரண்டு வால்வுகள் வளைந்தன, பிஸ்டனைக் காப்பாற்றலாம். சொல்லும்போது மேலே கீழே என்று சொல்லாமல் விட்டதால் வந்தது என்றும் எழுதினேன். தலைப்பைப் பற்றி எழுதவில்லை, எழுதியிருந்தால் நீளமாகியிருக்கும். சில நாட்கள் கழித்துப் பதில் வந்தது. கண்டுபிடித்தது நல்லது என்றும், பந்தயங்கள் தொடங்கிவிட்டதால் அவர்களுக்குத் தெரிந்த ஒருவரை ஏற்கெனவே எடுத்துவிட்டதாகவும் இருந்தது. அடுத்த வருடம் ஆள் தேவைப்பட்டால் பார்க்கலாம் என்று கடைசி வரி. அதை இருமுறை படித்துவிட்டுப் போனைக் கேட்டில் கொடுத்தேன். ஷிப்ட் தொடங்கும் நேரம்.

புது வால்வுகள் வந்ததும் தேய்த்து உட்கார வைத்தேன். ஸ்பிரிங்குகளை நானும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து போட்டோம். ஒவ்வொன்றையும் வைக்கும்போது அவர் "மஞ்சள் கீழ" என்பார், நான் "கீழ" என்பேன். பதினாறு தடவை. முன்னறையிலிருந்து அக்காவும் சேர்ந்துகொண்டாள்.

இப்போது ஹெட் சரியாக இருக்கிறது. போன ஞாயிறு பைபாஸில் ஏழாயிரம் வரை சுத்தமாகப் போனது. பக்கத்து இருக்கையில் மாமா இருந்தார், வேறு யாரும் இல்லை. சென்னை வேலை கிடைக்கவில்லை. வண்டி ஷெட்டில் நிற்கிறது. நாளை எனக்கு முதல் ஷிப்ட்.