வருத்தம் மாறட்டும்

பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைத் தேடிப் போகிற வேலையில் பிள்ளையைக் கண்டுபிடிப்பது லேசு. அந்தப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நிற்கிற பெரியவர்களிடம் வாயைத் திறப்பதுதான் கஷ்டம்.

அதிலும் என்னைப்போலக் கூச்சக்காரியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். முன்பின் தெரியாத வீட்டுப் படலையில் நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டுவிட்டு, ஒருவரும் வெளியே வராவிட்டால் நல்லது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்கிற கணக்கெடுப்புக்காரரே, குடும்பநல மாதுக்களே, மின்மானி பார்க்கிறவர்களே, இது உங்களுக்கும் தெரிந்த அவஸ்தைதான். எனக்குப் பொறுப்பு பூநகரிப் பக்கத்துக் கிராமங்கள். நடக்கவோ பார்க்கவோ கேட்கவோ சிரமப்படுகிற பிள்ளை எந்த வீட்டிலாவது முடங்கிக் கிடந்தால், அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். அலுவலகத்தில், கந்தோர் என்போம், எனக்கென்று ஒரு கதிரை தந்திருக்கிறார்கள். அதில் நிம்மதியாக இருந்த நாள் இல்லை. இருந்தால் ஏதாவதொரு வீடு ஞாபகம் வரும். எழும்பி ஸ்கூட்டியை எடுத்துவிடுவேன். போய்ச் சேர்ந்தபின் ஏன்தான் வந்தோம் என்று இருக்கும்.

முதல் கேள்வி

பயிற்சிக் காலத்தில் என்னை முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றுக்கு அனுப்பினார்கள். படலையைத் திறந்ததும் "உங்கட வீட்டில எத்தினை பிள்ளையள்?" என்று சிரித்த முகத்தோடு தொடங்க வேண்டும் என்பது பாடம். வழிநெடுக அந்த ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என் கையிலிருந்த பைலைப் பார்த்தார். கேள்வியைக் கேட்டேன். "பிள்ளையள் ஒருத்தரும் இல்லை" என்றார். அவருக்குப் பின்னால் கொடியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையொன்று சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு மெல்லச் சொன்னார்:

"குறை நினையாதேங்கோ பிள்ளை. சண்டைக் காலத்தில, பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போகப் பைலோட வந்து எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டவைக்கெல்லாம் இல்லையெண்டு சொல்லிப் பழகின வாய் இது."

கோழிச் சட்டி

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் விட்டுவிட்டேன். கேள்வி இல்லாமல் ஹெல்மெட்டும் பைலுமாய் ஒரு முற்றத்தில் போய் நின்றால் என்ன நடக்கும் என்பதைப் பூநகரியில் சாந்தி அக்கா வீட்டில் அறிந்துகொண்டேன். மழை விட்ட நேரம். என்னைக் கண்டதும் அவர் ஓடிப்போய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்தார். பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்து, "பாருங்கோ தங்கச்சி, உள்ளுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்லை" என்றார். டெங்கு பார்க்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தண்ணீர்த் தொட்டியின் மூடியையும் திறந்துவிட்டார். இவ்வளவு பாடுபடுகிறவரை எப்படி மறிப்பது? நானும் குனிந்து பார்த்து, "நல்லது" என்றேன். இப்படியே வீட்டைச் சுற்றி வந்தோம்.

பின்பக்கத்தில் முருங்கையின் கீழே பாயில் ஒரு பிள்ளை சாய்ந்திருந்தாள். எட்டு வயதிருக்கும். கால்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. கண்கள் மட்டும் எங்களைவிட வேகமாக முற்றத்தை அளந்துகொண்டிருந்தன. சாந்தி அக்கா என்னை அவசரமாகத் தாண்டிக் கூட்டிப்போகப் பார்த்தார். பிள்ளை வாயைக் கோணி, ஒவ்வொரு சொல்லாக இழுத்து எடுத்து, ஆனால் ஒன்றையும் தவறவிடாமல் சொன்னாள்:

"அக்கா, கோழிக்கு வைச்ச சட்டியைப் பாக்கேல்ல. அதுக்குள்ளதான் புழு நெளியுது."

விசேசம்

அவள் பெயர் துளசிகா. அடுத்த முறை போனபோது நான் டெங்குக்காரி இல்லை என்பதை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவளை ஏன் இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை என்று கேட்டேன். "பிள்ளைக்கு வருத்தம் தங்கச்சி. வருத்தம் மாறட்டும், அனுப்புவம்" என்றார் சாந்தி அக்கா.

எங்கள் பக்கத்தில் நோய்க்குப் பெயர் வருத்தம். மூக்கால் வடிகிற தடிமனும் வருத்தம்தான், பிறந்த நாள்முதல் இரண்டு காலும் சொல்வழி கேளாததும் வருத்தம்தான். வருத்தம் என்றால் ஒருநாள் மாறவேண்டும். மாறும்வரை வீட்டில் படுத்திருக்க வேண்டும். அந்த ஒரு சொல் மாறக் காத்திருந்தே துளசிகா எட்டு வயதுக்கு வந்துவிட்டாள். அதைவிட ஒன்று என்னை இருக்கவிடாமல் செய்தது. அவளைப் பாயிலிருந்து தூக்கும்போது சாந்தி அக்கா ஒரு கையை இடுப்பில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார். பிள்ளை வளருகிறாள். இன்னுமொரு வருடம் போனால் அவரால் அவளைத் தூக்க ஏலாது. தூக்கவே ஏலாத பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது?

இது மாறுகிற வருத்தமில்லை என்று எப்படிச் சொல்வது? பயிற்சியில் படிப்பித்த சொல் கைகொடுக்கும் என்று நினைத்தேன். "அக்கா, துளசிகா விசேட தேவையுடைய பிள்ளை..." என்று தொடங்கினேன். சாந்தி அக்காவின் முகம் சிறுத்துவிட்டது. நாங்கள் விசேசம் என்பது கலியாணத்தையும் சாமத்தியவீட்டையும்தான். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்:

"அவளுக்கு விசேசமா ஒரு தேவையும் இல்லைத் தங்கச்சி. சோறும் ஒரு முட்டையும் இருந்தாக் காணும்."

எழும்பி நில்

தாய் மனம் மாறும்வரை சும்மா இருக்க முடியாமல், பள்ளிக்கூடத்து அதிபரிடம் போனேன். சின்னப் பள்ளிக்கூடம். அதிபரே இரண்டு வகுப்புக்குப் படிப்பிக்கிறார். நல்ல மனிதர், எனக்குத் தேத்தண்ணி வரவழைத்தார். மலசலகூடத்துக்கு ஏறும் உயரமான படிகளைக் காட்டினார். முதலாம் வகுப்பு அறைக்கும் படி. "கிளிநொச்சியில இப்பிடியான பிள்ளையளுக்கு வகுப்பு இருக்குத்தானே?" என்றார். பூநகரியிலிருந்து கிளிநொச்சிக்குப் பஸ்ஸுக்கு நின்ற அனுபவம் அவருக்கும் உண்டு. அதனால் அந்தப் பேச்சை அவரே விட்டுவிட்டார். "வருத்தம் கொஞ்சம் மாறட்டும் பிள்ளை, பாப்பம்" என்றார். படித்த மனிதர் வாயிலும் அதே சொல்.

எழும்பப் போனேன். அப்போதுதான் அவருடைய உண்மையான கவலை வெளியே வந்தது. குரலைத் தாழ்த்தி, பெரிய நிர்வாகச் சிக்கலொன்றைப் பகிர்ந்துகொள்வதுபோலக் கேட்டார்:

"காலமைப் பிரார்த்தனைக்கு எல்லாரும் எழும்பி நிண்டுதான் தேவாரம் பாடுறது. அவ ஒரு ஆள் கதிரையில இருந்தா, மற்றதுகளும் இருக்கக் கேக்குங்களே?"

வாய்தவறி வந்தது

அதன் பிறகு சாந்தி அக்கா வீட்டுக்குக் கிழமை தவறாமல் போனேன். பேச எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. "பள்ளிக்கூடம்" என்பேன். "வருத்தம் மாறட்டும்" என்பார். தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புவேன். என்னைக் கண்டாலே துளசிகா, "அம்மா, பள்ளிக்கூட அக்கா!" என்று கத்தத் தொடங்கிவிட்டாள். கந்தோரில் ஒரு அண்ணா, "அந்த வீட்டில உமக்கு மாப்பிள்ளை கீப்பிள்ளை இருக்கோ?" என்று பகிடி விட்டார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திரும்பவும் அங்கேதான் போனேன்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வந்தது. வருடா வருடம் சாந்தி அக்கா அங்கே பாற்செம்பு எடுத்து, பிள்ளையின் கால் சரிவர வேண்டுமென்று நேர்த்தி வைப்பவர். பொங்கல் முடிந்து நான் போன அன்று அவர் வழக்கம்போல் இல்லை. ஒரு குற்றத்தை என் தலையில் இறக்கி வைக்கக் காத்திருந்தவர்போலப் படலையடியிலேயே பிடித்துக்கொண்டார். "எல்லாம் உங்களால வந்தது. சனத்துக்க நிண்டு, அம்மாளே பிள்ளைக்குக் காலைத் தா எண்டுதான் வாயெடுத்தனான். பள்ளிக்கூடத்தைத் தா எண்டு வந்திட்டுது. கிழமைக்குக் கிழமை வந்து அதையே ஓதினா வாயில வேறென்ன வரும்?" அம்மாளிடம் திருப்பிக் கேட்கலாமா என்று கணவரிடம் கேட்டாராம். கேட்டது கேட்டதுதான் என்று அவர் சொல்லிவிட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் பயமாகவும் இருந்தது. சாந்தி அக்கா சிரிக்கவில்லை.

"இனி அம்மாள் தாறதோ நீங்கள் தாறதோ எனக்குத் தெரியாது. நேர்த்தி நேர்த்திதான். கெதியாப் பாருங்கோ."

இருந்து பாடுவது

இரண்டு பேருமாக அதிபரிடம் போனோம். ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்கிற சட்டத்தை நான் வரி வரியாய் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் முன்னால் போய் இருந்ததும் முதல் வரி மறந்துபோயிற்று. இரண்டாவது வரியைத் தேடிக்கொண்டிருந்தபோது சாந்தி அக்கா முந்திக்கொண்டார். "சேர், இது வற்றாப்பளை அம்மாளிட்டக் கேட்டது."

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் வீட்டாரும் அதே பொங்கலுக்குப் போய் வந்தவர்கள். மேசையில் கோயில் விபூதி ஒரு கடதாசித் துண்டில் மடித்தபடி இருந்தது. அதில் ஒரு விரலைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு, முதலாம் வகுப்பைப் படியில்லாத கடைசி அறைக்கு மாற்றலாம் என்றார். இடைவேளைக்குத் தான் வந்து பிள்ளையை மலசலகூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதாகச் சாந்தி அக்கா சொன்னார். நான் அவருடைய இடுப்பைப் பார்த்தேன். மிச்சமிருந்தது தேவாரம். அதிபர் அதற்கும் வழி கண்டுவிட்டார்:

"சரி, எல்லாரும் இருந்தே பாடுவம். எனக்கும் முழங்கால் நோ. இதை முந்தியே யோசிச்சிருக்கலாம்."

பின்பக்கம் பார்த்த பயணம்

எங்கள் கந்தோரால் சக்கரக் கதிரை வந்தது. பளபளவென்று, ஒடுங்கிய சில்லுகளோடு. துளசிகாவை இருத்தி, வீட்டுக்கு முன்னால் ஒழுங்கைப் பாதையில் நானே தள்ளினேன். பூநகரி மணல். கதிரை முன்னால் போவதற்குப் பதிலாகக் கீழே போயிற்று. துளசிகாவுக்கு அது நல்ல விளையாட்டு, "இன்னும் தள்ளுங்கோ!" என்றாள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவளுடைய அப்பா வந்து, பிள்ளையையும் கதிரையையும் தூக்கி வெளியே வைத்தார்.

கடைசியில் சக்கரக் கதிரையைச் சீமெந்து நிலமுள்ள வகுப்பறையில் வைத்தோம். ஒழுங்கையால் போய்வர, கால் வெட்டிய பிளாஸ்ரிக் கதிரையைச் சைக்கிள் கரியரில் கட்டினார் அப்பா. முன்பக்கம் பார்த்து இருத்தினால் முழங்கால் இடிக்கிறதென்று பின்பக்கம் பார்த்து இருத்தி, பழைய சேலையால் சுற்றிக் கட்டினார். முதல் நாள் சாந்தி அக்கா சைக்கிள் மிதிக்க, நான் பின்னால் ஸ்கூட்டியில் ஊர்ந்து போனேன். வெள்ளைச் சட்டையோடு துளசிகா என்னைப் பார்த்தபடியே பள்ளிக்கூடம் போனாள். இப்படிப் போவது பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. நாய் துரத்தினா அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். நான்தானே சொல்லோணும்."

பிள்ளைக்கு வருத்தம்

நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் காரணமில்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கடைசி அறையில் சக்கரக் கதிரை சுவரைப் பார்த்தபடி நின்றது. அதில் யாரோ ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல். "ரெண்டு நாளாக் காணேல்ல" என்றார் அதிபர். மலசலகூடப் படிகளைப் பார்த்தேன். சாந்தி அக்காவின் இடுப்பை நினைத்தேன். முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டியை ஓட்டினேன். மணலில் ஒருமுறை சறுக்கி விழவும் பார்த்தேன்.

படலையில் நின்று கூப்பிடவில்லை. நேரே உள்ளே போய்விட்டேன். அப்படி நான் ஒரு வீட்டிலும் செய்ததில்லை. சைக்கிள் வேலியோடு சாத்திக் கிடந்தது. சாந்தி அக்கா அடுப்படிக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் கேட்க முன்னமே, கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பழைய குரலில் சொன்னார்: "பிள்ளைக்கு வருத்தம் தங்கச்சி." திரும்பவும் முதலிலிருந்தா? எத்தனை தேத்தண்ணி, எத்தனை கிழமை, இன்னொரு வைகாசி. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். உள்ளறையிலிருந்து மூக்கடைத்த குரலொன்று, ஒவ்வொரு சொல்லாக, கோபத்தோடு வந்தது:

"அம்மா, தடிமன் எண்டு வடிவாச் சொல்லுங்கோவன்! அக்கா பயந்திட்டா. நாளைக்கு மாறீடும், நான் போவன்."

ஒரு பிள்ளைக்குத் தடிமன் என்று கேட்டு வழிநெடுகச் சிரித்துக்கொண்டு, அடுத்து அந்த மலசலகூடப் படிகளுக்கு எந்தக் கோயிலில் யாரை வாய்தவற வைக்கலாம் என்று யோசித்தபடி ஸ்கூட்டி ஓட்டுகிற உத்தியோகம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.