அம்மா வைத்த எருக்கம்பால்

என் வலது முழங்காலில் ஒரு தழும்பு இருந்திருக்க வேண்டும். இல்லை. நைனா அந்தக் காயத்தை அவ்வளவு நன்றாக ஆற்றினார். அவரைப்போல் பொறுமையாகக் கட்டுப்போடும் தகப்பனை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிர்க்கரையில் எங்கள் குப்பம். அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரத்தை மணல் வந்து மூடிக்கொண்டது. அது அடைத்துக்கொண்டால் இறாலும் மடவையும் ஏரிக்குள் வராது. நைனா விடியலில் வலையோடு போவார், வெயில் ஏறியதும் வெறும் வலையோடு திரும்புவார். நெல் விளைவிக்கிற ஊர்க்காரர்களே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்றால் வலைக்காரன் வீட்டைச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் உமரிக்கீரையை அவித்துத் தின்றோம். உப்பு போவதற்கு அதை மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது யார் மாற்றுவது? உப்போடு தின்றோம். அம்மாவின் மடியில் கிடந்த தம்பிக்கு அழுவதற்குக்கூடச் சக்தி இல்லை.

ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் கப்பலுக்கு அடிமைகளாக ஆள் சேர்த்துக் கொடுக்கும் தரகர் ஒருவர் அப்போது குப்பம் குப்பமாக வந்துகொண்டிருந்தார். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பல்லைப் பார்ப்பார், உட்கார்ந்து எழச் சொல்வார். பிள்ளையைக் கொடுத்த வீட்டுக்கு அரிசி வரும். உடம்பில் புண் இருக்கிற பிள்ளையை மட்டும் தொடமாட்டார். கப்பலில் ஒருவருக்குப் புண் என்றால் எல்லோருக்கும் பரவிவிடுமாம். அவர் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தான், சுண்ணாம்பு சுடுவதற்காகக் குவித்திருந்த கிளிஞ்சல் மேட்டில் ஏறிக் குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். தரகர் என் பல்லைப் பார்த்தார், தலையை ஆட்டினார். காலைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அடுத்த பௌர்ணமிக்கு வருவதாகவும் அதற்குள் ஆறியிருந்தால் எடுத்துக்கொள்வதாகவும் நைனாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து என் முழங்காலுக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. நைனா குடிக்கிற தண்ணீரை எடுத்து வெதுவெதுப்பாகச் சுடவைத்துக் காயத்திலிருந்த மணலைப் பொடிப்பொடியாகக் கழுவினார். வலைக்குச் சாயமேற்றக் காய்ச்சும் பட்டைச்சாற்றை ஆறவைத்துப் பஞ்சில் தோய்த்து ஒற்றினார். குப்பத்தில் கிளிஞ்சல் கிழித்தாலும் முள் கீறினாலும் அதுதான் மருந்து. வலையின் நூலையே இறுக்குகிற சாறு தோலை இறுக்காதா? அதன் மேல் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளைப் பூசி, தன் தலைப்பாகைத் துணியைக் கிழித்துக் கட்டினார். எரியுமே என்று ஊதிக்கொண்டே இருந்தார். அதற்கு முன்னால் என்னை அவர் தூக்கிக்கூடப் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. குப்பத்துப் பிள்ளைகளிடம் கட்டைக் காட்டிக்காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

அவர் வலைக்குப் போனதும் அம்மா வருவாள். என்னைக் குடிசைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து, கட்டை அவிழ்ப்பாள். பொருக்குத் தட்டியிருக்கும் இடத்தைக் கிளிஞ்சலின் விளிம்பால் சுரண்டுவாள். மணலில் முளைத்துக் கிடக்கும் எருக்கஞ்செடியின் காம்பை ஒடித்து, அந்த வெள்ளைப் பாலைப் புண்ணில் சொட்டுவாள். நான் கத்தாமலிருக்க என் வாயைப் பொத்துவாள். பிறகு பழையபடி கட்டிவிடுவாள். அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் வரும். பால் தெறித்துவிட்டது, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

“நைனா கைல சொல்லாத கண்ணு” என்பாள் ஒவ்வொரு தடவையும். ஏன் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் அதையும் போய் எல்லோரிடமும் சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம்.

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போனது. நைனா ஆற்றுவார், அம்மா கிளறுவாள். நாளாக நாளாக நைனாவின் முகம் வாடியது. மஞ்சள் சரியில்லை என்று பார்த்தார், பட்டை பழசு என்று பார்த்தார். ஒருநாள் காலை கட்டை அவிழ்த்துவிட்டு, சீழ் கோத்திருந்ததைப் பார்த்து அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு பாசமாக இருக்கிறவருக்கு ஒரு நியாயம் வேண்டாமா?

ஒரே மூச்சில் போட்டுடைத்தேன்.

“நைனா, அம்மாதான் கட்ட அவுத்து சொரண்டுது. எருக்கம்பாலு வைக்குது.”

அவர் கை நின்றது. அம்மாவை அடிக்கப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் அடிக்கவில்லை. வெகுநேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு குடிசை வாசலில் இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாளிலிருந்து என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு படகுக்கே கூட்டிப் போனார். வலை வீசிவிட்டுக் காத்திருக்கும்போது காலை மடியில் வைத்துக்கொண்டு கட்டை மாற்றுவார். எனக்கு அதைவிடப் பெரிய பெருமை இல்லை. ஒருநாள் அப்படி மாற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“அங்க போனா ரெண்டு வேள சோறு போடுவாங்களாம். இங்க இன்னா கீது, சொல்லு. ஒன் தம்பியும் பொழைக்கணும்ல.”

சோறு என்றதும் எனக்கு வாய் ஊறியது. அவர் அதை நம்பித்தான் சொன்னார். எல்லாம் நடிப்பு என்றால் அவரை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். நடிப்பில்லை. பாசமும் நிஜம், அரிசியும் நிஜம். அதனால்தான் இன்றைக்கும் அவரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பௌர்ணமிக்கு முன்னாலேயே புண் ஆறிவிட்டது. தரகர் விரலால் அழுத்திப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கப்பலில் என்னோடு கிடந்த பொன்னேரிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, காலில் சிரங்கு இருந்த தன் மகளைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள் என்று சொல்லி, பிள்ளையைப் பிரிந்த துக்கத்திலும் சாமியைக் கும்பிட்டாள். பைத்தியக்காரி என்று நினைத்தேன். அவள் எதற்குக் கும்பிட்டாள் என்பது இந்த அக்கரை ஊரில் எனக்கொரு மகள் பிறந்து, அவளை எவனாவது உற்றுப் பார்க்கிற வயது வந்த பிறகுதான் உறைத்தது.

கப்பல் ஏறுவதற்காகக் கோட்டைக்குப் போன அன்று காலை நைனா என்னைப் படகில் உட்காரவைத்தார். படகு நகர்ந்த பிறகு அம்மா தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு, பிறகு மார்பளவு. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நைனா கழி ஊன்றுவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

“ஒரு தபா கிட்ட வா கண்ணு” என்றாள்.

நான் காலை இழுத்துக்கொண்டு நைனாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். மறுபடியும் சுரண்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அது அவளுக்கும் புரிந்துவிட்டது. விளிம்பை விட்டுவிட்டு இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே தூக்கி விரித்துக் காட்டினாள். கிளிஞ்சல் இல்லை, எருக்கங்காம்பு இல்லை, ஒன்றுமே இல்லை என்று திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

நான் அவளை நம்பவில்லை. நைனாவிடம் சீக்கிரம் போகச் சொன்னேன்.